சுவரைப் பார்த்த தொப்பி

என் சம்பந்தியம்மாவுக்குச் சிரிக்கவே தெரியாது என்று கல்யாணத்தன்று எங்கள் பக்கத்து ஆட்கள் குசுகுசுத்தார்கள். தெரியாமல் என்ன? நன்றாகத் தெரியும். நான் பூசணிக்காயைத் தட்டிப் பார்த்து வாங்குவதுபோல அவர் ஒவ்வொரு விஷயத்தையும் தட்டிப் பார்ப்பார். சிரிக்கத் தகுந்ததுதான் என்று உறுதியான பிறகுதான் சிரிப்பார். அதற்குள் மற்றவர்கள் சிரித்து முடித்து எழுந்து போயிருப்பார்கள்.

நான் காய்கறிக் கடைக்காரி. வாய் கொஞ்சம் நீளம். அவர் பட்டாளத்துத் தொப்பி அறையைப் பார்த்துக்கொள்பவர். அவருக்கு வாய் என்று ஒன்று இருப்பதே சாப்பிடும்போதுதான் தெரியும். ஊரில் எல்லோருக்கும் அவர் தொப்பியம்மா. என் மகன் அவருடைய மகளைக் கட்டியதால் நாங்கள் சம்பந்திகள் ஆனோம். எலியும் பூனையும் என்று எங்களைச் சொல்ல முடியாது. எலி வாயைத் திறந்தால்தானே சண்டை வரும்.

அவர் பார்த்துக்கொள்வது தினமும் போடுகிற துணித் தொப்பி அல்ல. அணிவகுப்புக்கும், பெரிய மனிதர்கள் வரும்போது வாசலில் விறைத்துக்கொண்டு நிற்பதற்கும் போடுகிற கரடித் தொப்பி. உள்ளே பிரம்புக் கூடு, வெளியே அடர்ந்த கறுப்பு ரோமம், இடது பக்கம் வெள்ளை இறகில் ஒரு குஞ்சம், முன்னால் பித்தளைச் சங்கிலி. வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு நிற்பவனைப் பார்த்தால் நமக்கே மயக்கம் வரும்.

பார்க்க வருகிறவர்கள் கேட்டால் தொப்பியம்மா அதன் கதையை அரை வாக்கியத்தில் சொல்வார். நான் முழு வாக்கியத்தில் சொல்கிறேன். அந்தக் காலத்தில் இந்தப் பட்டாளத்துக்காரர்கள் கையால் குண்டு வீசுகிறவர்களாம். அகல விளிம்பு வைத்த தொப்பி போட்டால் கையைச் சுழற்றும்போது தட்டிவிடும். அதனால் விளிம்பை வெட்டிப் போட்டார்கள். விளிம்பு போனதும் பார்க்கச் சப்பென்று இருந்திருக்கும்போல, மேலே உயர்த்தினார்கள். உயர்த்தியதும் குள்ளன்கூட ராட்சசனாகத் தெரிந்தான், எதிரி மிரண்டான். மிரளுகிறானே என்று கரடி ரோமத்தையும் சேர்த்தார்கள். பிறகு சண்டையே வேறு மாதிரி ஆகிவிட்டது. குண்டு வீசியவர்கள் போனார்கள், தொப்பி மட்டும் வேலையை விடாமல் இருக்கிறது.

"பயமுறுத்தறதுக்குச் செஞ்சது. இப்போ குழந்தைங்க பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்குது" என்பார் தொப்பியம்மா.

அந்தச் சங்கிலிக்கும் ஒரு கதை உண்டு. அது தாடைக்கு அடியில் போகாது, கீழுதட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கும். தொப்பியில் அடி விழுந்தால் தொப்பி போகட்டும், கழுத்து மிஞ்சட்டும் என்று அப்படி வைத்தார்களாம். அதைப் போட்டால் பேச முடியாது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் கட்சி. அதே பட்டாளத்தில் இருக்கும் என் மகன் இதைப் போட்டுக்கொண்டு காவல் நிற்கும்போது கடையிலிருந்து நேராகப் போய் எதிரில் நின்று, "டேய், சாப்பிட்டியா?" என்று கேட்டிருக்கிறேன். கண் மட்டும் அசைந்தது. சாப்பிடவில்லை என்று புரிந்துகொண்டு திரும்பி வந்தேன்.

தொப்பியம்மா இந்த வேலைக்கு வந்ததே அவருடைய வீட்டுக்காரரால்தான். அவர் பட்டாளத்து வாத்தியக் குழுவில் பெரிய மேளம் அடித்தவர். ஒரு வருடம் தொப்பிகளில் பூச்சி விழுந்துவிட்டது. ரோமம் வாரிவிட ஆள் போதாமல், வாத்தியக்காரர்களின் மனைவிமார்களைக் கூப்பிட்டார்கள். மற்றவர்கள் பூச்சியைக் கண்டு அலறிக்கொண்டு ஓட, இவர் ஒருவர்தான் கடைசித் தொப்பிவரை வாரி முடித்தாராம். அன்றைக்கு உள்ளே போனவர்தான். மேளக்காரர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். காது மேளத்தோடு போய்விட்டது. அவரிடம் ஒரு ரகசியம் சொல்ல வேண்டுமென்றால் தெருவில் நாலு வீட்டுக்குச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

என் மகனுக்கும் அந்த அறையில்தான் கல்யாணம் நிச்சயமானது என்று சொல்ல வேண்டும். அவனுக்குப் பெரிய மண்டை. பிறக்கும்போதே அது என்னைப் படுத்திய பாடு எனக்குத்தான் தெரியும். எந்தத் தொப்பியும் அவன் தலையில் இறங்கவில்லை. தொப்பியம்மா ஒரு பிரம்புக் கூட்டைப் பிரித்துப் பெரிதாகக் கட்டினார். அளவு பார்க்க ஒரு முறை போனால் போதும். இந்தப் பயல் பல முறை போனான். அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுவரும் பெண் எந்த நேரத்துக்கு வருவாள் என்பது அவனுக்கு அத்துப்படி. பட்டாளத்திலேயே பெரிய தொப்பி இன்றைக்கும் அவனுடையதுதான்.

இனி அந்த அறையின் கட்டுப்பாட்டைச் சொல்ல வேண்டும். வாசலுக்கு எதிர்ச் சுவர் முழுக்க அலமாரி. ஒவ்வொரு தொப்பிக்கும் ஒரு மரத்தலை. எல்லாத் தொப்பியும் வாசலைப் பார்த்தபடி நிற்கும். காவல்காரன் தொப்பி வாசலைத்தான் பார்க்க வேண்டுமாம். ரோமத் தொப்பிக்கு முன் எது பின் எது என்று நம்மைப் போன்றவர்களுக்குத் தெரியாது, குஞ்சத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும். குஞ்சம் நமக்கு வலப்பக்கம் தெரிந்தால் தொப்பி நம்மைப் பார்க்கிறது. இடப்பக்கம் தெரிந்தால் சுவரைப் பார்க்கிறது.

ஒரு தொப்பி சுவரைப் பார்த்து நின்றால் அதற்கு ஒரே அர்த்தம். அந்த ஆள் இறந்துவிட்டான். காவல் முடிந்தது, இனி அவன் வாசலைப் பார்க்க வேண்டாம். அந்தத் தொப்பி அவனுடைய சவப்பெட்டியின் மேல் போகும். செய்தி முதலில் சார்ஜென்டுக்கு வரும். அவர் வந்து தொப்பியைத் திருப்பி வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவார். ரோமம் அலசி உலர ஒரு நாள் பிடிக்கும் என்பதால், வீட்டுக்குத் தெரிவதற்கு முன்பே தொப்பி அறைக்குத் தெரிந்துவிடும். அங்கே இருப்பவர் யாரையும் கேட்கக் கூடாது, யாரிடமும் சொல்லக் கூடாது. ஓர் அதிகாரி அந்த வீட்டு வாசலுக்குப் போய், தன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்த பிறகுதான் செய்தி வாயால் வர வேண்டும். எப்போதோ ஒருவர் அவசரப்பட்டுத் தெருவில் ஆளை மாற்றிச் சொல்லி, உயிரோடு இருந்தவனின் தாய் படுத்த படுக்கையாகிவிட்டாளாம். அதிலிருந்துதான் இந்த வாய்ப்பூட்டு.

அப்போது என் மகன் எல்லையில் இருந்தான். மலை உச்சியில் ஒரு முகாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன் வரும், அதுவும் பாதி காற்றாக வரும். மருமகள் நிறைமாதமாக என் வீட்டில் இருந்தாள். ஒரு வியாழக்கிழமை காலை தொப்பியம்மா அறையைத் திறந்தார். வெள்ளைக் குஞ்சங்கள் எல்லாம் வலப்பக்கம் வரிசையாக இருந்தன. ஒன்று மட்டும் இடப்பக்கம் இருந்தது.

மரத்தலையில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் கையால் பிரித்துக் கட்டிய கூடு. மருமகனின் தொப்பி.

பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றதாகப் பிறகு சொன்னார். சார்ஜென்ட் ஜன்னலுக்கு வெளியே நடந்து போனார். கன்னத்தில் கை வைத்திருந்தார், முகம் சுண்டிக் கிடந்தது. இவர் வணக்கம் வைத்ததற்குத் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. இனி என்ன சந்தேகம்? தொப்பியம்மா அலமாரியிலிருந்து தொப்பியை இறக்கினார். குளிர்ந்த நீரில் ரோமத்தை நனைத்து உதறினார். அகலப் பல் சீப்பால் மேலிருந்து கீழாக வாரினார். குஞ்சத்தைச் சோப்பு நுரையில் அலசி, கெட்டில் ஆவியில் காட்டி விரித்தார். கடைசியாகச் சங்கிலியைப் பளபளவென்று தேய்த்து, மடித்துத் தொப்பிக்குள்ளே விட்டார். பெட்டிமேல் போகிற தொப்பிக்குச் சங்கிலி வெளியே தெரியக் கூடாது, உயிரோடு நிற்கிறவனுக்குத்தான் அது வேண்டும். இத்தனையும் முடித்து, தொப்பியை மேசைமேல் உலர வைத்துவிட்டுத்தான் கிளம்பினாராம்.

சாயங்காலம் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். எனக்கு இது எதுவும் தெரியாது. கடையில் தக்காளி அழுகிப்போன எரிச்சலில் இருந்தேன்.

"என்ன சம்பந்தியம்மா, வியாழக்கிழமை அதுவுமா? மழை வரப்போகுது" என்றேன்.

"சும்மாதான். ரெண்டு நாள் அவ கூட இருக்கலாம்னு."

"ஏன், நான் உங்க மகளைப் பட்டினி போடறேன்னு யாராவது சொன்னாங்களா?"

எப்போதும் இதற்கு ஒரு முறைப்பாவது கிடைக்கும். அன்று அதுவும் இல்லை. வாசலைப் பார்த்து ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவள் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். சொல்லத்தான் கூடாது, பக்கத்தில் இருக்கக் கூடாது என்று எந்தக் கட்டுப்பாடும் இல்லையே. அதிகாரி வந்து நிற்கும்போது மகள் தனியாக இருக்கக் கூடாது. அதற்காகத்தான் வந்திருந்தார். இது எனக்கு எங்கே தெரியும்? தொப்பி அறையில் உட்கார்ந்து உட்கார்ந்து மரத்தலை ஆகிவிட்டார் என்று நினைத்தேன்.

தெருவில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்தார். எழுந்து, சத்தம் போன பிறகு உட்கார்ந்தார். மருமகள்கூடச் சிரித்தாள். "அம்மா, யாருக்காகக் காத்துக்கிட்டிருக்க?"

"யாரும் வர வேணாம்மா" என்றார். அப்போது அது பொருந்தாத பதிலாகத்தான் பட்டது.

விளக்கு ஏற்றிக் கொஞ்ச நேரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் எங்கள் வாசலிலேயே நின்றது. ஒருவன் இறங்கி வந்து, நிலைப்படியில் நின்று, தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்தான். தொப்பியம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். அப்பப்பா! எலும்பு நொறுங்கிவிட்டது என்றே நினைத்தேன்.

"பார்சல். குழந்தைத் துணி. கையெழுத்துப் போடுங்க" என்றான் அவன்.

பார்சலை வாங்கியது மருமகள். தொப்பியம்மா அடுப்படிக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். ஒரு செம்புத் தண்ணீரை அப்படியே குடித்தார். "உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டேன். "புழுக்கம்" என்றார். எனக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. இரக்கத்தோடு, "தொப்பிப் பூச்சி மருந்து மூளைக்கு ஏறியிருக்கும், போய்ப் படுங்க" என்றேன். படுத்தார். மகள் பக்கத்திலேயே படுத்தார்.

விடிந்ததும் வேலைக்குக் கிளம்பினார். வாசலில் நின்று என்னிடம், "சம்பந்தியம்மா, இன்னிக்குக் கடையைத் தெறக்காதீங்க. வீட்டுலயே இருங்க. அவளைத் தனியா விட்டுடாதீங்க" என்றார். அந்தக் குரலுக்கு என்னால் எதிர்த்துப் பேச முடியவில்லை. கடையைத் திறக்கவில்லை.

அறையில் நடந்ததை அவர் சொன்னபடி சொல்கிறேன். கொஞ்ச நேரத்தில் சார்ஜென்ட் உள்ளே வந்தார். அடுத்த வார அணிவகுப்புக்குத் தொப்பிகளைப் பார்க்க வந்தவர், மேசைமேல் வாரிச் சீவி, சங்கிலி மடித்து இருந்த தொப்பியைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். மெதுவாகத் தன் துணித் தொப்பியைக் கழற்றினார்.

"யாரு தொப்பியம்மா இது?"

"என்ன சார் கேக்கறீங்க? நீங்கதானே திருப்பி வச்சீங்க."

"நானா? எனக்குச் செய்தியே வரலையே. நேத்து முழுக்கப் பல் வலியில செத்துக்கிட்டிருந்தேன். சாயங்காலம்தான் புடுங்கினாங்க."

"சார்... நீங்க திருப்பலையா?"

"சத்தியமா நான் இந்த அறைக்குள்ளயே வரலை."

"அப்போ உயிரோட இருக்காரா சார்?" என்று கேட்டிருக்கிறார் தொப்பியம்மா. சார்ஜென்ட் ஓடினார். கம்பியில்லாத் தந்திக்காரனைப் பிடித்து உலுக்கி, மலை உச்சிக்குப் பேசச் சொல்லி, பதிலோடு திரும்பி வந்தார். "உங்க மாப்பிள்ளை காலையிலேருந்து உருளைக்கிழங்கு உரிச்சுக்கிட்டிருக்கான். தண்டனையாம். தூங்கி லேட்டா எழுந்தானாம்."

வயிற்றில் பால் வார்த்தார் அந்த மனிதர். தொப்பியம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே, அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாமல் குலுங்கினார். அந்த நேரம் பார்த்துப் பட்டாளத்துச் சமையல்காரன் வெந்நீர்க் கெட்டிலோடு உள்ளே நுழைந்தான். தினமும் குஞ்சத்துக்கு ஆவி காட்ட வெந்நீர் கொண்டுவருபவன் அவன்தான். சாயங்காலம் தொப்பியம்மா போன பிறகு, வாசல் ஆணியில் தொங்கும் சாவியால் திறந்து காலிக் கெட்டிலை எடுத்துப் போகவும் அவனே வருவான். மேசைமேல் இருந்த தொப்பியைப் பார்த்தான், சார்ஜென்டைப் பார்த்தான், தரையில் கிடந்த தொப்பியம்மாவைப் பார்த்தான். கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு யாரும் கேட்காமலே அழ ஆரம்பித்தான்.

"அக்கா, மன்னிச்சுடுங்கக்கா. ஒரே ஒரு போட்டோதான் எடுத்தேன்."

அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கரண்டியோடு நிற்கிற போட்டோவை எந்தப் பெண் வீடு ஏற்கும்? புதன்கிழமை சாயங்காலம் கெட்டில் எடுக்க வந்தவன், ஒவ்வொரு தொப்பியாகத் தலையில் வைத்துப் பார்த்திருக்கிறான். அவனுக்கும் என் மகனைப் போலப் பானைத் தலை. ஒன்றுதான் இறங்கியது. போனில் படம் எடுத்துவிட்டு, தொப்பியைப் பழையபடி வைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு போய்விட்டான். எங்கே பார்த்தாலும் ஒரே கறுப்பு ரோமம், அதற்கு முதுகு எது முகம் எது என்று குழம்புக் கரண்டி பிடிப்பவனுக்கு யார் சொல்வது?

சார்ஜென்ட் கையை ஓங்கினார். பல் பிடுங்கிய வாயோடு அவர் திட்டியது யாருக்கும் புரியவில்லை என்பது சமையல்காரனின் அதிர்ஷ்டம். தொப்பியம்மா எழுந்து இருவருக்கும் நடுவில் வந்தார்.

"போட்டோவைக் காட்டு" என்றார்.

போனை எடுத்துக் காட்டினான். அவர் உற்றுப் பார்த்தார். தட்டிப் பார்க்கிறார் என்று நான் சொன்னேனே, அதே பார்வை.

"அடப்பாவி. சங்கிலியை முன்னால இழுத்துத் தாடைக்கு அடியில தொங்க விட்டிருக்க. குஞ்சம் உன் வலது காதுப் பக்கம் வந்திருக்கு. தொப்பியையே பின்புறமாப் போட்டுருக்க. பொண்ணு வீட்டுல பட்டாளத்துல இருந்தவன் ஒருத்தன் இருந்தாப் போதும், நீ காலத்துக்கும் பிரம்மச்சாரிதான்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். முதலில் சிரித்தது அவர்தான். மற்ற இருவரும் பிறகுதான் சிரித்தார்கள். சமையல்காரன் பாதி அழுகையோடு சிரித்தான். பிறகு அவர் அந்தத் தொப்பியின் சங்கிலியை வெளியே எடுத்து விட்டு, மரத்தலையில் வாசலைப் பார்க்க வைத்து, கதவைப் பூட்டிச் சாவியைத் தன் இடுப்பிலேயே செருகிக்கொண்டு கிளம்பினார்.

மதியம் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது தலைமுடி கலைந்து, முகமெல்லாம் வீங்கி இருந்தது. நான் பதறி எழுந்தேன். "சோறு இருக்கா?" என்று கேட்டார். அதுதான் முதல் வார்த்தை. சோறும் பொரித்த முட்டையும் வைத்தேன். இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவி வந்து உட்கார்ந்து, ஒன்றுவிடாமல் சொன்னார். அவர் வாயிலிருந்து அத்தனை வார்த்தை வந்ததை நாங்கள் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

மருமகள் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். எனக்கோ கோபம் வந்தது. என்ன கோபம் என்று கேட்காதீர்கள், வந்தது.

"என் பிள்ளை செத்துட்டான்னு நெனச்சுக்கிட்டு என் வீட்டுல, என் பாயில படுத்திருந்தீங்களா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா?"

"சொல்லியிருந்தா அந்த ஒரு ராத்திரி நீங்க குறட்டை விட்டிருப்பீங்களா சம்பந்தியம்மா?"

நான் குறட்டை விடுவதில்லை. ஆனாலும் அன்று வாதாடவில்லை. சாயங்காலம் மேளக்காரருக்கு விஷயத்தைச் சொல்ல நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து கத்த வேண்டியிருந்தது. அவர் புரிந்துகொண்டு, "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு!" என்று கத்தினார். எதிர்வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று வெளியே ஓடி வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. மருமகள் பேசினாள், நான் பேசினேன். உருளைக்கிழங்கு உரித்ததற்குத் திட்டினேன். தொப்பியம்மா மாப்பிள்ளையிடம் போனில் பேசியதே இல்லை. அன்று கையை நீட்டி வாங்கினார். வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாரே தவிரப் பேசவில்லை. அவன், "அத்தை? அத்தை?" என்று கூப்பிட்டது எனக்கே கேட்டது. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், பிறகு என்னிடம் கொடுத்துவிட்டார்.

அன்று மாலை நாங்கள் இருவரும் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தோம். குழந்தைக்கு வந்த புதுத் துணிகள். அவர் என்னைப் பார்க்காமல் பேசினார்.

"ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் சொல்லலை. அன்னிக்குக் காலையில, அந்தத் தொப்பியைப் பார்த்ததும், பக்கத்துத் தொப்பி மேல கையை வச்சேன். மாப்பிள்ளை தொப்பியை வாசலைப் பார்க்கத் திருப்பிட்டு, அதைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வச்சிரலாமான்னு. திருப்பிட்டா மாறிடுமா என்ன? பைத்தியக்காரத்தனம். ஆனா கை போயிருச்சு. அந்தப் பையனுக்கும் ஒரு அம்மா இருக்கா."

"திருப்பினீங்களா?"

"இல்லை. கையை எடுத்துட்டேன்."

நான் கையில் இருந்த சட்டையை உதறினேன். பொய் சொல்லலாம், நல்ல வார்த்தை சொல்லலாம். எனக்கு வரவில்லை.

"நானா இருந்தா திருப்பியிருப்பேன்" என்றேன்.

"தெரியும் சம்பந்தியம்மா. அதனாலதான் அந்த அறையில உங்களை வைக்காம என்னை வச்சிருக்காங்க."

சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று நொறுக்கிய அதே மணிக்கட்டு. இந்த முறை மெதுவாகத்தான் பிடித்தார். நான் அழுதுவிட்டேன். பிறகு இரண்டு பேரும் மிச்சத் துணியை உலர்த்தி முடித்தோம்.